யார் சொல்லி நின்றது அந்தக் கடல்

காலைக் காபியைக் கையில் எடுத்தபோது குமாஸ்தா ராஜேந்திரன் போன் செய்தார். "சார், திலகவதி அம்மா தவறிட்டாங்களாம். விடியக்காலைல நெஞ்சு வலின்னு ஊர்லேருந்து கார்ல ஏத்திருக்காங்க. மாயவரம் வந்து சேர்றதுக்குள்ள..." என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

"யார் சொன்னா?" என்று கேட்டேன்.

இழவுச் செய்தி சொல்கிறவரிடம் கேட்கிற கேள்வியா இது? இல்லைதான். ஆனால் அது திலகவதி அம்மாவின் கேள்வி. எந்தச் செய்தி வந்தாலும், அது நல்லதோ கெட்டதோ, அவர் முதலில் கேட்பது "யார் சொன்னா?" என்பதுதான். அதற்குப் பதில் கிடைத்தவுடன் "எதுக்காகச் சொன்னாங்க?" என்று அடுத்ததைக் கேட்பார். இருபது வருடத்துக்கு மேல் ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து வக்கீல் தொழில் பார்த்ததில் அந்த வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது. ராஜேந்திரனுக்கு அது தெரியும். "அவங்க தம்பிதான் சார் சொன்னாரு. நெசந்தான்" என்று அழுதார்.

அரை மணி நேரத்தில் வக்கீல்கள் வாட்ஸ்அப் குழுவில் இரங்கல் செய்திகள் குவிந்துவிட்டன. அவர் உயிரோடு இருந்தவரை "கட்டப் பஞ்சாயத்து வக்கீல்" என்று முதுகுக்குப் பின்னால் பேசிய ஒருவர் நீளமாக எழுதியிருந்தார், "மீனவ மக்களின் விடிவெள்ளி" என்று. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வழக்கறிஞர் திலகவதி, மயிலாடுதுறைக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கும் ஒரு மீனவக் கிராமத்தில் பிறந்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. அந்த ஊருக்கென்று கோர்ட்டில் நின்ற ஒரே வக்கீல் அவர்தான். ஊரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால், "எதுக்கு சார்? யாராவது ஒரு ஃபைலு தொறப்பாங்க" என்று கோபித்துக்கொள்வார்.

அன்று காலை துக்கத்தோடு கூடவே எனக்கு ஒரு சந்தேகமும் வந்தது. அவருக்காக அந்த ஊர் கடலுக்குப் போகாமல் இருக்குமா?

இது வெளியாருக்குப் புரியச் சொல்ல வேண்டும். அந்த ஊரில் கல்யாணம் ஆன ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. ஊர்க்கூட்டத்தில் உட்காருவதும் பேசுவதும் பொதுவில் வருவதில் பங்கு வாங்குவதும் தலைக்கட்டுகள்தான். ஒரு தலைக்கட்டின் வீட்டில் சாவு விழுந்தால் ஊர்த் தலைவர் கோயில் மைக்கில் சொல்வார். அன்று ஒரு படகும் இறங்காது. அரசாங்கம் எழுதிய சட்டம் எதிலும் இது கிடையாது. ஆனால் மீறி ஒருவர் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. இறந்தது பெண் என்றால் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்ற கணக்கில் கடல் நிற்கும். கல்யாணமாகாத பெண்ணுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. ஊருக்காகக் கோர்ட்டு வாசலில் காய்ந்த திலகவதி அம்மா, ஊர்க் கணக்கில் எங்கேயும் இல்லாதவர்.

சரி, போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். வழியெல்லாம் அவர் நினைப்புதான்.

நான் மன்னார்குடிப் பக்கத்து ஆள். நெல்லும் வாய்க்காலும் தெரியும். கடல் என்றால் பௌர்ணமிக்குப் போய்க் கால் நனைத்துவிட்டு வருகிற இடம், அவ்வளவுதான். அறையில் பாதி வாடகைக்கு ஆள் தேடியபோது இவர் வந்தார். நான் எழுதி வைத்திருந்த ஒரு பக்க ஒப்பந்தத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தார். பிறகு நிமிர்ந்து, "மின்விசிறி பொதுன்னு போட்டிருக்கீங்க சார். பொதுன்னா, சுவிட்ச் யாரு பக்கத்துல இருக்கு?" என்று கேட்டார். சுவிட்ச் என் பக்கத்தில்தான் இருந்தது. இந்த அம்மாவோடு காலம் தள்ளுவது கஷ்டம் என்று அன்றே நினைத்தேன்.

மேல்படிப்புக்கு அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி, அமெரிக்கப் பழங்குடிகளின் சுயாட்சியும் அந்நாட்டு மத்திய அரசின் சட்டமும் என்பது. அது தெரிந்ததும் வக்கீல்கள் சங்கத்தில் ஒரே சிரிப்பு. "கடலோரத்துல பொறந்துட்டு செவ்விந்தியன் சட்டம் எதுக்கும்மா?" என்று ஒரு மூத்த வக்கீல் கேட்டார்.

"அது வந்தவன் வச்ச பேரு சார். அவங்களுக்கு ஒவ்வொருத்தருக்கும் சொந்தப் பேரு இருக்கு" என்றார் இவர். "அப்புறம், நமக்கு முன்னாடியே தோத்தவங்க எப்படித் தோத்தாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா நல்லதுதானே?"

மழை பெய்து கட்சிக்காரர் வராத நாட்களில் எனக்கு அதை விளக்குவார். அந்த ஜனங்கள் அமெரிக்கா என்ற நாட்டுக்கு முன்பே அங்கே இருந்தவர்கள். முதலில் அவர்களோடு நாட்டுக்கு நாடு போல ஒப்பந்தம் போட்டார்கள். பிறகு கோர்ட்டு, 'நீங்கள் தனி நாடுதான், ஆனால் எங்களை நம்பி இருக்கிற நாடு. நாங்கள் கார்டியன் மாதிரி' என்ற கருத்தில் சொன்னது. அதற்குப் பிறகு அவர்களுடைய பார்லிமெண்ட் நினைத்தால் கொடுக்கலாம், நினைத்தால் எடுக்கலாம் என்று ஆகிவிட்டது. அவர்களுக்கென்று கோர்ட்டு உண்டு. ஆனால் வெளியாள் ஒருவன் உள்ளே வந்து குற்றம் செய்தால் அந்தக் கோர்ட்டால் அவனைத் தண்டிக்க முடியாது.

"முடியவே முடியாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பெண்களை அடிக்கிறது மாதிரி சில குற்றத்துக்கு மட்டும் பின்னாடி கொஞ்சம் குடுத்தாங்க. அதுவும் அவங்க குடுத்ததுதான் சார்" என்றார். "கார்டியன்னு ஒருத்தர் வந்தா நீங்க என்ன பார்ப்பீங்க? சொத்து எங்க இருக்குன்னு பார்க்க மாட்டீங்களா?"

"உங்க ஊரு பழங்குடியும் இல்ல, ஒப்பந்தமும் கிடையாது. ஊர்ப் பஞ்சாயத்துக்கு நம்ம சட்டத்துல இடமே இல்லையே மேடம். எதை எதோட முடிச்சுப் போடுறீங்க?" என்று மடக்கினேன்.

"அதான் சார் பயமா இருக்கு. எழுதி வாங்குனவங்களுக்கே அந்தக் கதி. எங்க கையில ஒரு துண்டுக் காகிதங்கூட இல்ல" என்றார். நான் டீ சொன்னேன்.

அந்தப் படிப்பு வீண் இல்லை என்பதைச் சுருக்குமடி வலைச் சண்டையில் பார்த்தேன். பெரிய என்ஜின் வைத்துக்கொண்டு, ஒரு கூட்டத்து மீனைக் குஞ்சு குளுவானோடு வளைத்து வாரிவிடுகிற வலை அது. அந்த ஊர் தன் கரையில் அது கூடாது என்று கூட்டம் போட்டு முடிவெடுத்தது. வெளியூர் முதலாளி ஒருவர் அதை மதிக்காமல் அந்தக் கரையிலேயே படகை நிறுத்தினார். தலைவர் நாகமுத்து ஆள் விட்டுக் கூப்பிட்டு அபராதம் என்றார். முதலாளி நேரே போலீசுக்குப் போய்க் கட்டப் பஞ்சாயத்து என்று புகார் கொடுத்துவிட்டார். நாகமுத்துவை ஸ்டேஷனில் உட்கார வைத்து, "அபராதம் போட நீ என்ன ஜட்ஜா?" என்று கேட்டார்கள்.

திலகவதி அம்மா போய் அவரை வெளியே கொண்டுவந்தார். மறுநாள் எங்கள் அறையில் வைத்து நாகமுத்துவுக்கு விழுந்த திட்டு இருக்கிறதே, அப்பப்பா! "உங்க அதிகாரம் உங்க ஆளுங்க மேலதாண்ணே. வெளியாள் மேல கைய வச்சீங்க, இருக்கறதும் போச்சு. அவருக்கு அபராதம் போட உங்களால முடியாது. ஆனா அவரு படகைத் தள்ள, அவருக்கு ஐஸ் தூக்க, வலை காயப்போட நம்ம ஊரு கை எதுக்குப் போவணும்? அதை எந்த ஸ்டேஷனும் கேக்க முடியாது."

அப்படியே நடந்தது. யாரும் வாய்ச்சண்டைக்குப் போகவில்லை. கூலி எவ்வளவு சொன்னாலும் அந்தப் படகுக்கு ஓர் ஆள் வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு முதலாளி படகை வேறு கரைக்குக் கொண்டுபோய்விட்டார். பாம்பும் செத்தது, கோலும் முறியவில்லை.

அதற்குப் பிறகு அதிகாரிகளும், அந்த வலைக்கு அரசுத் தடை இருக்கிறது என்று கடலோரமெங்கும் கடுமை காட்டினார்கள். ஊரில் வெடி வெடித்தார்கள். நானும் வாழ்த்துச் சொல்லத்தான் அவர் மேசைக்குப் போனேன். முகம் கடுகடுவென்று இருந்தது.

"என்ன மேடம், உங்க ஊரு சொன்னதைத்தானே கவர்மெண்டும் சொல்லுது? சந்தோஷப்படக் கூடாதா?"

"நேத்து வரைக்கும் எங்க ஊரு நிறுத்துன வலை சார் அது. இன்னிக்கு கவர்மெண்டு நிறுத்துன வலை. நாளைக்கு அவங்க எடுத்துட்டா எங்ககிட்ட என்ன இருக்கும்? எங்காளுங்க கூட்டம் போட்டதையே மறந்துருப்பாங்க" என்றார்.

எதிலும் குற்றம் பார்க்கிற குணம் என்று அப்போது அலுத்துக்கொண்டேன். பின்னால் அந்த அரசுத் தடையில் வழக்கு, நிபந்தனை, தளர்வு என்று என்னென்னவோ வந்தபோது, ஊர்க்காரர்களே "கவர்மெண்டு சொல்லட்டும்" என்று காத்திருந்ததைப் பார்த்தேன். அவர் பாட்டுக்கு ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது.

இவ்வளவு சொல்லிவிட்டு செல்வியின் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் அது புகழ் மாலையாகிவிடும். செல்வி அந்த ஊர்ப் பெண். கணவர் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. தலைக்கட்டு போனதால் ஊர்ப் பங்கும் போயிற்று. செல்வி போலீசுக்குப் போனார். 'ஊர் விஷயத்தை வெளியே கொண்டுபோனாய்' என்று ஊரை விட்டு விலக்கி வைத்தார்கள். கடையில் சாமான் கொடுக்கக் கூடாது, பேசக் கூடாது. அந்தப் பெண் கூடையைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தார். திலகவதி அம்மா மேசைக்குப் போகாமல் என் மேசைக்கு வந்தார். "அவங்க ஊரு வக்கீலு. நீங்க எனக்கு வாங்க சார்" என்றார்.

வழக்கை எடுத்துக்கொண்டேன், ஊருக்கு நோட்டீசும் அனுப்பினேன். எதிர் மேசையில் இருந்து ஒரு வார்த்தை வருமா என்று பார்த்தேன், வரவில்லை. இத்தனை நாள் சுயாட்சி, உரிமை என்று பேசியதெல்லாம் நாகமுத்துவின் நாற்காலிக்காகத்தானோ என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. பொறுக்க முடியாமல் ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அமெரிக்காவுலயும் இதே மாதிரி ஒரு கேஸ் இருக்கு சார். ஒரு பழங்குடிப் பொண்ணு. வெளியாளைக் கட்டிக்கிச்சு. பிள்ளைங்களை அந்த ஜனங்க தங்களோடதுன்னு சேத்துக்கல. ஆம்பளை வெளிய கட்டுனா அவன் பிள்ளைங்களுக்கு உண்டு. அந்தப் பொண்ணு பெரிய கோர்ட்டு வரைக்கும் போச்சு. யாரு அவங்க ஆளுங்கறதை அவங்களே முடிவு பண்ணிக்கட்டும், நாங்க தலையிட மாட்டோம்னுட்டாங்க. பொம்பளையா படிச்சா வயிறு எரியுது சார். ஊரா படிச்சா சரின்னு படுது. நான் என்ன பண்ணட்டும்?"

அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "வாங்க, பாருங்க. ஆனா பேசக் கூடாது" என்று சொல்லி என்னை ஊருக்குக் கூட்டிப் போனார். கோயிலுக்கு முன்னால் பந்தலில் ஊர்க்கூட்டம். பெண்கள் பந்தலுக்குள் வரக் கூடாது. இவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பந்தலுக்கு வெளியே சுடுமணலில் நின்றார். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. அவரும் உள்ளே போக முயலவில்லை.

"செல்வி போட்ட கேஸுல ஜெயிச்சுரும்ணே" என்றார் நாகமுத்துவைப் பார்த்து. "நான் எப்படி வாதாடுனாலும் ஜெயிச்சுரும். அப்ப கோர்ட்டு உள்ள வரும். இதுக்கு மட்டும் வந்துட்டுப் போவாதுண்ணே. வலைக்கு வரும், கரைக்கு வரும், தலைவரு யாருங்கறதுக்கும் வரும். நீங்களே திருத்திக்கிட்டா அது ஊரு. அவங்க வந்து திருத்துனா அதுக்குப் பேரு ஆபீசு."

கசமுசா என்று சத்தம். ஒருவர், "பொம்பளைய வச்சு ஊரை மெரட்டுறியா?" என்றார். இவர் அதே மணலில் நின்றார். வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் கூட்டம் இறங்கி வந்தது. விலக்கு நீங்கியது. கணவர் இல்லாத வீட்டில் மனைவியே தலைக்கட்டு, கூட்டத்தில் உட்காரலாம், பேசலாம் என்று முடிவாயிற்று. நானும் வழக்கை வாபஸ் வாங்கினேன்.

எழுந்து போகும்போது நாகமுத்து கேட்டார்: "அப்படியே உனக்கும் கேட்டுருக்கலாமே திலகா? இருக்கற சூட்டுல குடுத்துருப்பாங்க."

"கேட்டு வாங்குனா அது குடுத்தவங்களுதுண்ணே. எடுத்துக்கவும் செய்வாங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

அவருக்கு உள்ளுக்குள் அந்த ஆசை இருந்தது என்று எனக்குச் சந்தேகம். இல்லை, சந்தேகம் என்ன, இருந்தது. ஒவ்வொரு முறை அந்த ஊரில் சாவு விழும்போதும், "இன்னிக்கு ஊரு தொழிலுக்குப் போவல சார்" என்று ஒரு மாதிரிக் குரலில் சொல்வார். அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

அதனால்தான் அன்று காரை விட்டு இறங்கியதும் சாவு வீட்டுக்குக்கூடப் போகாமல் முதலில் கரையைப் பார்த்தேன். படகுகள் எல்லாம் மேலே ஏற்றிக் கிடந்தன. கடலில் ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் நின்ற மீன்காரப் பெண்ணிடம், "வக்கீலம்மாவுக்காகவா?" என்றேன்.

"காத்து பலமா இருக்குன்னு மீன்துறையில எச்சரிக்கை குடுத்துருக்காங்க சார். நேத்தே மெசேஜு வந்துருச்சு. எந்த ஊரும் போவல" என்றார்.

போச்சுடா என்று இருந்தது. ஐப்பசிக் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. தலைவர் கோயில் மைக்கில் சொன்னாரா என்று கேட்டேன். காற்றில் கரண்டு போய் மைக்கே வேலை செய்யவில்லை என்றார்கள். நாகமுத்துவையே கேட்கலாம் என்றால் மனிதர் பந்தல் போட ஓடிக்கொண்டிருந்தார். இனி இதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை என்று நினைத்தேன். அரசாங்கம் நிறுத்தியிருக்கும் நாளில் ஊர் நிறுத்தியதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சாவிலும் இந்த அம்மாவுக்கு இப்படியா ஒரு வழக்கு வந்து சேர வேண்டும்!

மாலைகள் வந்தன. காரில் வந்தவர்கள் காரிலேயே போனார்கள். இரங்கல் பேச வந்த ஒருவர், "இன்று இந்தக் கடலே அவருக்காக நின்றுவிட்டது" என்று கையை நீட்டி முழங்கினார். எனக்கு வந்ததே கோபம்! கடல் நின்றது எச்சரிக்கைக்காக ஐயா, போனை எடுத்துப் பாருங்கள் என்று கத்தியிருப்பேன். திலகவதி அம்மா கிடத்தப்பட்டிருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். சாயங்காலம் அடக்கம் முடிந்தது. ஊர்க்காரர்கள் முகத்தில் இருந்து எதையும் படிக்க முடியவில்லை.

மறுநாள் காலை பால் தெளிக்கும் சடங்குக்குப் போனேன். உண்மையைச் சொன்னால் சந்தேகமும் சேர்ந்துதான் என்னை இழுத்துக்கொண்டு போயிற்று. காற்று நின்று வானம் வெளுத்திருந்தது. எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள் என்று வழியில் டீக்கடையிலேயே சொன்னார்கள். பக்கத்து ஊரைக் கடக்கும்போது கரை காலியாக இருந்தது. அந்த ஊர்ப் படகுகள் கடலில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. ஒரு நாள் தொழில் போன பிறகு யார்தான் சும்மா இருப்பார்கள்?

இந்த ஊருக்குள் வண்டி திரும்பியது. படகுகள் நேற்றுக் கிடந்த இடத்திலேயே கிடந்தன. ஒன்றின் அடியிலும் ஈரம் இல்லை. ஆண்கள் எல்லாரும் கரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

நாகமுத்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன தலைவரே, எச்சரிக்கையைத்தான் எடுத்துட்டாங்களாமே, போகலையா?" என்று கேட்டேன்.

"ராத்திரி கூட்டம் போட்டோம் சார். நேத்துதான் ஒருத்தரும் போவலையே, அதையே திலகாவுக்குன்னு வச்சுக்கலாம்னு நாந்தான் சொன்னேன். செல்வி எந்திரிச்சு நின்னுச்சு. 'நேத்து நின்னது கவர்மெண்டு சொல்லி. அதை அக்காவுக்குக் கணக்கு வச்சா அக்கா ஒத்துக்குமா? நம்ம நாளை நாம தனியாக் குடுக்கணும்'னுச்சு. ஒருத்தரும் எதுத்துப் பேசல. இன்னிக்குத்தான் சார் எங்க நாளு."

"எந்தக் கணக்குல? கல்யாணம் ஆகலையே, யாரு வீட்டுத் தலைக்கட்டு?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவங்கதான் தலைக்கட்டு. வேற யாரு?" என்றார் நாகமுத்து, இதுகூடவா கேட்பார்கள் என்பது போல. பிறகு பக்கத்தில் வந்து, "இதை எங்கயும் பெருசா எழுதிப்புடாதீங்க சார். நாளைக்கே ஒருத்தரு வந்து, இதுக்கு என்ன ஆர்டருன்னு கேப்பாரு" என்றார்.

எழுதிவிட்டேன் தலைவரே, மன்னியுங்கள். ஊர்ப் பெயர் போடவில்லை.

திலகவதி அம்மா, மின்விசிறிச் சுவிட்ச் இனி எந்தப் பக்கம் இருந்தால் என்ன? போய் வாருங்கள். கடல் தெளிந்து மீனும் வந்திருந்த அந்தக் காலையில் உங்களுக்காக ஒரு படகும் இறங்கவில்லை. நீங்கள் நம்ப மாட்டீர்கள். யார் சொல்லி நின்றது, எதுக்காகச் சொன்னாங்க என்றுதான் கேட்பீர்கள். இரண்டையும் கேட்டுவிட்டேன் அம்மா. உங்க ஊரு சொல்லித்தான் நின்றது, உங்களுக்காக.